ஸ்டோரேஜுக்கு நாலு பாதை இருந்தும் ஒன்றிலேயே நெரிசலா? லினக்ஸில் மல்டிபாத் அமைக்கலாம் வாங்க

கப்பலூர் பக்கம் ஒரு மில்லில் மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓட்டும்போதெல்லாம் டேட்டாபேஸ் திணறுகிறது என்று கூப்பிட்டார்கள். சர்வரில் இரண்டு ஃபைபர் போர்ட், இரண்டு சுவிட்ச், ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர், ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் வழி உண்டு, ஆக நாலு பாதை. ஆனால் ஒரே ஒரு பாதையில்தான் மொத்த டேட்டாவும் போய்க்கொண்டிருந்தது. வைகையைக் கடக்க யானைக்கல் பாலமும் இருக்க, அத்தனை வண்டியும் ஏ.வி. பாலத்திலேயே ஏறி நின்ற மாதிரி. இந்தப் பாதைகளை ஒரே டிஸ்க்காகச் சேர்த்து டேட்டாவைப் பங்கிட்டு அனுப்புவதுதான் மல்டிபாத்.

முதலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிளாக் கமாண்டை ஓட்டுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று ஒரே அளவில் நாலு டிஸ்க் தெரியும். அவை நாலு டிஸ்க் அல்ல, ஒரே லன்னை (ஸ்டோரேஜ் சர்வருக்குப் பிரித்துக் கொடுத்த டிஸ்க் பகுதியை) நாலு வழியாகப் பார்க்கிறீர்கள், அதனால் தயவுசெய்து எதையும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். அந்த மில்லில் எஸ்டிபி-யை மட்டும் நேராக மவுன்ட் செய்திருந்தார்கள்.

அடுத்து, ரெட்ஹேட் என்றால் டிவைஸ்-மேப்பர்-மல்டிபாத், உபுண்டு என்றால் மல்டிபாத்-டூல்ஸ் பேக்கேஜைப் போட்டு சர்வீஸை ஓடவிடுங்கள். ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கை மல்டிபாத் எடுத்துக்கொள்ளாது, எனவே கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தி, அன்மவுன்ட் செய்து, இனிமேல் மல்டிபாத் தரும் எம்பாத்-ஏ என்ற பெயரிலேயே மவுன்ட் செய்யுங்கள். சர்வர் கிளம்பும்போது எதை மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலிலும் அந்தப் பெயரே இருக்கட்டும். டேட்டா அப்படியே இருக்கும்.

இப்போது மல்டிபாத் கமாண்டை எல்எல் ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஸ்டோரேஜில் பாதைகள் இரண்டு குழுவாகத் தெரியும்: ஒன்றுக்கு பிரையாரிட்டி 50, இன்னொன்றுக்கு 10. புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் பயந்துவிடுகிறார்கள், பாதி பாதை சும்மா கிடக்கிறதே என்று. அது சரியான நிலைதான். அந்த லன் எந்தக் கன்ட்ரோலர் பொறுப்பில் இருக்கிறதோ அதன் பாதைகளுக்கு 50. மற்றதன் வழியாகப் போனால் உள்ளுக்குள் சுற்றிக்கொண்டு வரவேண்டும். நாலையும் ஒரே குழுவில் போட மல்டிபஸ் என்று மாற்றினால் வேகம் குறையத்தான் செய்யும், இப்படிப் பொறுப்பான கன்ட்ரோலரின் பாதைக்கு முன்னுரிமை தரும் அலுவா முறையில் இயங்கும் ஸ்டோரேஜில் அதைச் செய்யவே வேண்டாம். மல்டிபாத் தானாகப் பங்கிடுவது ஒரு குழுவுக்குள் இருக்கும் பாதைகளுக்கு இடையில் மட்டும். கன்ட்ரோலர் இரண்டுக்கும் வேலை கிடைக்க வேண்டுமென்றால் பாதி லன்னை ஒன்றின் பொறுப்பிலும் மீதியை மற்றதன் பொறுப்பிலும் ஸ்டோரேஜ் பக்கத்தில் நீங்கள்தான் பிரித்து வைக்க வேண்டும்.

எப்படிப் பங்கிடுவது என்பதற்கு முக்கியமாக மூன்று முறை உண்டு. ரவுண்ட் ராபின் ஒவ்வொரு பாதைக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும், கியூ லெங்த் எந்த வரிசை குட்டை என்று பார்க்கும், சர்வீஸ் டைம் எங்கே சீக்கிரம் முடியும் என்று கணிக்கும். ரெட்ஹேட் 7-இலிருந்து சர்வீஸ் டைம்தான் டீஃபால்ட், அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசியாகச் சோதனை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி ஓடவிட்டு, டிஸ்க் வாரியாகப் போக்குவரத்தைக் காட்டும் ஐஓஸ்டாட்டில், 50 குழுவில் உள்ள இரண்டு டிஸ்க் பெயரிலும் எண் ஏறுகிறதா பாருங்கள். அப்புறம் சர்வர் பக்கம் ஒரு ஃபைபர் கேபிளைப் பிடுங்குங்கள். சில நொடி நின்று காப்பி மறுபடி ஓட வேண்டும், நாலில் இரண்டு பாதை ஃபெயில்டு என்று மாறும். கேபிளைத் திரும்பச் சொருகியதும் ஐஓஸ்டாட்டில் இரண்டு பெயரிலும் எண் மறுபடி ஏறினால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.