கடற்காற்று அடிக்கும் ஊரில் பழைய பத்திரிகை அட்டைகளைக் காப்பது

புதுச்சேரியில் பழைய பத்திரிகை அட்டைகளைத் தேடுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் தொடங்கலாம். கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் சொல்லி வையுங்கள். மாலி, கோபுலு, மணியம் வரைந்த அட்டைகள் எடைக்குப் போகும் கட்டுகளிலும் இருக்கும். தொடர்கதை பைண்டுகளையும் புரட்டுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது பக்கங்களைப் பிரித்துத் தைத்து வைத்த வீடுகள் பல. அட்டையும் சேர்ந்திருந்தால் ஓரத்தைக் கவனியுங்கள். பைண்டர் வெட்டும்போது ஓவியரின் கையெழுத்தும் போயிருக்கலாம்.

முழு இதழ் கிடைத்தால் அட்டையைத் தனியே கிழிக்கவே கூடாது. படத்தின் தேதிக்கும் சூழலுக்கும் உள்பக்கங்கள்தான் சாட்சி.

உப்புக்காற்றில் முதலில் கெடுவது இதழின் முதுகில் குத்தியிருக்கும் கம்பிப் பின். துரு காகிதத்தில் ஊறிப் பழுப்பு வட்டமாகும்; பிறகு அந்த இடம் பொடிந்து அட்டை கழன்றுவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் கால்களுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டைச் செருகி, மழுங்கிய கத்தி முனையால் கால்களை நிமிர்த்துங்கள். இதழைத் திருப்பி, முதுகுப் பக்கமாக மெல்ல உருவுங்கள். அதே துளைகளில் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் போதும்.

ராமபாணப் பூச்சி இருக்கும் என்று தோன்றினால் இதழை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த காகிதத்தில் நீர் கோத்து, பூச்சிக்குப் பதில் பூஞ்சணம் வரும்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோடேப்பின் பசை மஞ்சள் கறையாக இறங்கும். பிவிசி உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும். பாலிப்ரோப்பிலீன் உறை வாங்கி, பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள்.

சுவரில் மாட்ட எங்கள் முதல் தேர்வு நகல்தான்: 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அச்சிட்டால், மூலத்தின் சிவப்பும் மஞ்சளும் வெளிச்சத்தில் வெளுக்காது. மூலத்தையே மாட்டுவதானால் ஃப்ரேம் கடைக்காரரிடம் பசை போடாமல் நான்கு மூலைகளிலும் காகித முக்கோணங்களில் செருகச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி 2 மில்லிமீட்டர் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய கெட்டி அட்டை) நடுவே இருக்கட்டும். தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஃப்ரேமின் பின்னால் கீழ் மூலைகளில் கார்க் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்றோடும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரும் குளியலறைச் சுவரும் ஆகாது.

ஐப்பசி, கார்த்திகையில் ஃப்ரேம் போடாதீர்கள். காகிதம் குடித்திருக்கும் ஈரம் உள்ளேயே அடைபடும். மாசி, பங்குனி வரை பொறுத்திருங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் கழற்றி, மவுண்ட் ஓரத்தில் சாம்பல் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.