வளாகத்தில் தமிழ் வேதபாடக் குழு தொடங்குவது எப்படி?

பினாங்கு யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்) படிக்க வரும் நம் கிறிஸ்தவப் பிள்ளைகள் பலருக்கு ஞாயிறு ஆராதனையோடு சரி. வார நாள்களில் சேர்ந்து உட்கார்ந்து தமிழில் ஜெபிக்க ஆளில்லை. அவர்களில் ஒருவர் நீங்கள் என்றால், வளாகத்தை அடுத்த சுங்கை டுவாவில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நடத்திப் பார்த்து நிலைத்த முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஆள். இரண்டு மூன்று பேர் போதும். செமஸ்டர் தொடங்கிய வாரமே கூடிவிடுங்கள். அசைன்மென்ட் குவிந்தபிறகு புதிதாக யாரும் வருவதில்லை. நேரில் பேசி அழையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும் போடுங்கள். தினமும் வசனப் படம் போட்டால் எல்லாரும் மியூட் செய்துவிடுவார்கள்.

அடுத்து இடம். வளாகத்துக்குள் அறை, போஸ்டர் என்றால் முதலில் எச்இபியில் (மாணவர் விவகாரப் பிரிவில்) அனுமதி கேளுங்கள். வீடு கிடைத்தால் வீடே நல்லது. மலேசிய அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று 11(4) சொல்கிறது. ஆகவே அழைப்பைப் பொதுக் குழுக்களில் பரப்பாதீர்கள்.

இனி வாசிப்பு. பல குழுக்கள் உடைவது இங்கேதான். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்பது ஆலயத்தில் நமக்குப் பழக்கம். இங்கே அது வேண்டாம். சீனப்பள்ளியிலோ தேசியப்பள்ளியிலோ படித்தவர்கள் தமிழில் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் திணறுவார்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கை, தன் முறை நெருங்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். மூன்றாம் வாரம் வரவே இல்லை.

அப்புறம் முறையை மாற்றினோம். நன்றாக வாசிக்கும் ஒருவரே பகுதி முழுவதையும் நிதானமாக இரண்டு முறை வாசிப்பார். மற்றவர்கள் கேட்டதைத் தங்கள் பேச்சுத்தமிழில் திருப்பிச் சொல்வார்கள். மாற்கு 2-இல் நான்கு பேர் கூரையைப் பிரித்து நோயாளியை இறக்கும் பகுதியைச் சொல்ல, திரும்பி வந்திருந்த அதே தங்கைதான் முந்திக்கொண்டார். “வீட்டுக்காரர் ஏசியிருக்க மாட்டாரா?” என்று அவர் கேட்ட கேள்வியிலேயே அன்றைய பாடம் ஓடியது.

மாற்கிலிருந்தே தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் அதுவே சிறியது. கைப்பேசிச் செயலியைவிடப் பெரிய எழுத்தில் அச்சடித்த தாள் எவ்வளவோ மேல்; நோட்டிஃபிகேஷன் வராது, ஓரத்தில் எழுதலாம்.

ஜெபத்திலும் யாரையும் பெயர் சொல்லி எழுப்பாதீர்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, எல்லாரும் ஒட்டுக்கடைக்குப் போய்விடுங்கள். பாதிப் பேர் மனம் திறப்பது தே தாரிக் மேசையில்தான்.

பின்சேர்க்கை: இந்து நண்பர்கள் வந்தால் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வேதம் வாசிப்போம், ஜெபிப்போம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறந்தநாள் விருந்து என்று கூப்பிட்டு வந்து உட்காரவைப்பது நம்பிக்கைத் துரோகம். அவர்கள் சாமியைக் குறைத்துப் பேசாதீர்கள். முடிவெடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். சாப்பாட்டில் மாட்டிறைச்சி வேண்டாம், ஒரு சைவ வகையும் இருக்கட்டும்.