இரும்புக்கை மாயாவி படமாக வந்தால்: ரசிகர் கற்பனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: மாயாவியைப் படமாக எடுத்தால் எப்படி இருக்கும்? 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்த பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் அவர். இயக்குநர் லோகேஷ் கனகராஜ் தன் கனவுப் படமாகச் சொல்லிவரும் கதைக்கும் 'இரும்புக்கை மாயாவி' என்றே பெயர் வைத்ததால், இந்தப் பேச்சு காமிக்ஸ் படிக்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். ஒரு கதையை எப்படிப் படமாக்கலாம் என்று யோசிக்கும்போதுதான் அந்தக் கதை எப்படி வேலை செய்கிறது என்பதே நமக்குப் புரியத் தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலும் நாம் அந்த இடம் வரை போவதில்லை. முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம்.

அந்த முதல் படி, "யார் ஹீரோ?" என்ற கேள்வி. நடிகரைப் போட்டு, போஸ்டர் செய்து, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுபோல முடித்துவிடுகிறோம். மாயாவி விஷயத்தில் இது இன்னும் பெரிய தவறு. மாயாவியின் நிஜப் பெயர் லூயிஸ் கிராண்டேல். அவர் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வலது கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் தெரியும். அதாவது, கதாநாயகன் எந்த நேரத்தில் மிகப் பெரிய பலத்தோடு இருக்கிறாரோ, அந்த நேரத்தில் அவர் முகம் திரையில் இருக்காது. விசில் பறக்க வேண்டிய காட்சியில் நட்சத்திரமே கண்ணுக்குத் தெரிய மாட்டார்! இதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்காமல் யார் பெயரைச் சொன்னாலும் பயனில்லை.

வழி இல்லாமல் இல்லை. 1933இல் ஹாலிவுட்டில் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் கிளாட் ரெய்ன்ஸின் முகம் கடைசிக் காட்சியில்தான் தெரியும். அதுவரை கட்டுத் துணியும் கறுப்புக் கண்ணாடியும் குரலும்தான். அந்தக் குரல் ஒன்றே அவரைப் பெரிய நடிகராக்கியது. மாயாவிக்கும் முதலில் தேட வேண்டியது குரல். அப்புறம், ஒரே ஒரு கையை வைத்துக் கோபம், பயம், தயக்கம் எல்லாவற்றையும் காட்டத் தெரிந்த நடிகர்.

நட்சத்திரத்தின் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று பயந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜட்ஜ் டிரெட் என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன் உதாரணம். காமிக்ஸில் டிரெட் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்ட மாட்டார். 1995 படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் சீக்கிரமே கழற்றிவிட்டார். 2012 படத்தில் கார்ல் அர்பன் கடைசி வரை கழற்றவே இல்லை. வசூலில் இரண்டுமே பெரிதாகச் சாதிக்கவில்லைதான். ஆனால் காமிக்ஸ் வாசகர்கள் இன்றும் தூக்கி வைத்துக் கொண்டாடுவது இரண்டாவது படத்தை.

அடுத்தது, காமிக்ஸ் பக்கத்தில் இருக்கும் கட்டங்களை அப்படியே ஷாட்டாக எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை. மாயாவியை முதலில் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. கறுப்பும் வெள்ளையும் சாம்பல் நிறமும் கலந்து, புகைப்படம்போல நிழல் விழும் பக்கங்கள் அவருடையவை. இருட்டு அறையில் ஒரு இரும்புக்கை மட்டும் காற்றில் நிற்கும் கட்டத்தைப் பார்த்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கும். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு உடல் இருப்பதாக நம் மனம் தானாகவே நிரப்பிக்கொள்வதுதான் காரணம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் அவர் எப்படி நடந்தார், எந்தப் பக்கம் திரும்பினார் என்பதும் நம் வேலை. திரையில் அந்த நடுப்பகுதி முழுவதையும் காட்டியாக வேண்டும். மிதந்து போகும் இரும்புக்கையை ஐந்து நிமிடம் தொடர்ந்து காட்டினால் பயம் போய், நூலில் கட்டிய பொம்மை ஆகிவிடும். அதனால் கையை எங்கே காட்டுவது என்பதைவிட எங்கே காட்டாமல் விடுவது என்பதை யோசிக்கலாம். ஈரத்தரையில் பதியும் கால் தடம், தானாகத் திறக்கும் கதவு, மழை நீர் ஒரு தோளின் வடிவத்தில் தெறிப்பது, எதிரில் நிற்பவனின் முகம். இரும்புக்கை அரிதாகத் தெரிந்தால்தான் தெரியும்போது பதறும்.

கட்டங்களைப் போலவே கதையின் ஓட்டத்தையும் அப்படியே எடுக்க முடியாது. மாயாவியின் மூலக்கதை 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கியது. வாரத்துக்குச் சில பக்கங்கள். அடுத்த வாரமும் பையன்கள் இதழை வாங்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஆபத்தில் போய் நிற்கும். நமக்கு இது முழுக்கதையாக ஒரே புத்தகத்தில் வந்ததால் அந்தத் தையல் கண்ணில் படவில்லை. பழைய இதழ் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சில பக்கங்களுக்கு ஒரு முறை அவர் சிக்குவார், தப்பிப்பார், மறுபடி சிக்குவார். இரண்டரை மணி நேரப் படத்தில் இதை அப்படியே வைத்தால் இருபதாவது நிமிடத்திலேயே அலுத்துவிடும். எந்த ஆபத்து கதையைத் திருப்புகிறது, எது அந்த வாரத்தை ஓட்டுவதற்காக வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் திரைக்கதையின் முதல் வேலை. இடைவேளை எங்கே வரும் என்று கேட்டுப் பார்த்தால் பாதிக்குமேல் தானாக உதிர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணிக்கும் ஆசையும் இங்கிருந்து வருவதுதான். 'XIII' என்ற பெல்ஜிய காமிக்ஸ் தொடரின் தமிழ் வடிவமான 'இரத்தப் படலம்' வாசகர்களிடம் இது அதிகம். ழான் வான் ஹாம் 1984 முதல் 2007 வரை எழுதியது 19 பாகங்கள். அவ்வளவையும் ஒரு படத்தில் சொல்ல முடியாது. ஆனால் நினைவை இழந்து கரை ஒதுங்கியவன் யார், அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டது அவன்தானா என்ற கேள்வியில் தொடங்கும் சதி, முதல் ஐந்து பாகங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. 2008இல் வந்த இரண்டு பகுதித் தொலைக்காட்சிப் படம் ஜனாதிபதி கொலைச் சதியை மையமாக எடுத்துக்கொண்டதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வி, ஒரு பதில். மீதி இன்னொரு படத்துக்கு இருக்கட்டும்.

மாயாவிக்கு வருவோம். ரசிகர்கள் எழுதும் கதைச் சுருக்கங்களில் என்னை மிகவும் வருத்துவது, கிராண்டேலை முதல் காட்சியிலிருந்தே நல்லவராக்கிவிடுவது. மூலக்கதையில் அவர் அப்படி இல்லை. யாருக்கும் தெரியாமல் மறையும் சக்தி கிடைத்ததும் அவர் போகும் முதல் வழி திருட்டும் குற்றமும்தான். நிழல் படை என்ற ரகசிய அமைப்புக்காக வேலை செய்யும் உளவாளி பிற்பாடுதான் வருகிறார். கையை இழந்த, யாரும் மதிக்காத ஒரு மனிதனுக்குத் திடீரென்று இப்படி ஒரு சக்தி கிடைத்தால் அவன் என்ன செய்வான்? இந்தத் தொடரில் இருக்கும் மிகப் பெரிய கேள்வி இதுதான். அதைத் துடைத்துவிட்டு, தங்கையைக் காப்பாற்றக் கிளம்பும் அண்ணனாக்கினால் மிஞ்சுவது இரும்புக்கை மட்டும்தான். அதில் மாயாவி இல்லை. இயற்றியவர்களே இடையில் சில காலம் அவருக்குச் சூப்பர் ஹீரோ உடை மாட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கழற்றிவிட்டார்கள். அந்த உடையை நாம் மறுபடி எடுத்து மாட்ட வேண்டாம்.

கதையை லண்டனிலிருந்து சென்னைக்குக் கொண்டுவருவது பற்றி இரண்டு தரப்பும் ஆவேசமாகச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். கொண்டுவருவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே விடுவதுதான் தவறு. கிராண்டேலின் சக்தி மின்சாரம். எடுத்துக்கொண்ட மின்சாரம் தீர்ந்தால் அவர் மறுபடி தெரிய ஆரம்பித்துவிடுவார். இன்று பல வீடுகளில் இ.எல்.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இருக்கிறது. யாராவது மின்சாரத்தில் கை வைத்து அது உடல் வழியாகத் தரைக்குப் பாய்ந்தால், அது உடனே டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அப்படியானால் அவர் எங்கே போவார்? டிரான்ஸ்ஃபார்மருக்கா, ரயில் பாதையின் மேலே போகும் கம்பிக்கா? அதே கதையை 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், கோவையிலோ மதுரையிலோ வைத்துப் பாருங்கள். எதிரிகள் சூழ்ந்து நிற்கிறார்கள், அவர் மெல்ல மெல்லத் தெரியத் தொடங்குகிறார், தெரு முழுவதும் கரண்ட் இல்லை. லண்டன் கதையில் இல்லாத ஒரு பதற்றம் நம் ஊரிலிருந்தே கிடைக்கிறது. இடத்தை மாற்றினால் இப்படி மாற்ற வேண்டும்.

கட்டங்களுக்கு மேலே வரும் விவரணை வரிகளைப் பின்னணிக் குரலாகப் போட்டுவிடலாம் என்பதும் சோம்பேறித்தனம். திரையில் கண்ணுக்குத் தெரிவதையே குரலும் சொன்னால் இரண்டும் வீண். 2023இல் வந்த 'மாவீரன்' இதைச் சரியாகப் பிடித்தது. காமிக்ஸ் வரையும் நாயகனுக்கு மட்டும் அந்த விவரணைக் குரல் கேட்கிறது, அடுத்து நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லி அவனை இழுத்துக்கொண்டு போகிறது. காமிக்ஸின் ஒரு பழக்கத்தைக் கதைக்கே இயந்திரமாக்கிய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

மூலத்துக்கு விசுவாசமாக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் இத்தாலிய கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லரைப் பார்க்கலாம். 1985இல் வந்த படத்தில் ஜூலியானோ ஜெம்மா டெக்ஸாக நடித்தார். டெக்ஸை உருவாக்கிய ஜான் லூயிஜி பொனெல்லியே ஒரு வேடத்தில் வந்து கதை சொன்னார். இதைவிட விசுவாசம் கிடையாது. ஆனாலும் அதைத் தொடர்ந்து இன்னொரு டெக்ஸ் படம் வரவில்லை. நேர் எதிராக, நாம் கேப்டன் டைகர் என்று படிக்கும் பிரெஞ்சு கௌபாய் காமிக்ஸ் நாயகன் புளூபெர்ரியை வைத்து 2004இல் யான் கூனன் எடுத்த படம், மூலத்தை விட்டு விலகி ஷாமன் எனும் பழங்குடி மந்திரவாதிகளின் சடங்குகளுக்கும் மயக்கக் காட்சிகளுக்கும் போய்விட்டது. டைகரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே டைகர் கிடைக்கவில்லை. ஒட்டி நிற்பதோ விலகிப் போவதோ தன்னளவில் எதையும் காப்பாற்றுவதில்லை.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் புத்தகமாக வெளியிடும் உரிமை வேறு, படமாக்கும் உரிமை வேறு. மாயாவியின் மூல உரிமை இன்று ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆசைக்கு எழுதிப் பார்க்கலாம், வரைந்து பார்க்கலாம். குறும்படம் எடுத்துக் காசு பார்க்க நினைத்தால் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த மாயாவி கதையிலிருந்து பத்துப் பக்கம் எடுத்து, பலூன்களில் இருக்கும் வசனம் எதையும் சேர்க்காமல், கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் ஒரு காட்சியாக எழுதுங்கள். கிராண்டேல் அறையில் இருக்கிறார் என்பது பார்ப்பவருக்கு எந்த நொடியில் தெரிகிறது, அங்கே இருக்கும் மற்றவர்களுக்கு எந்த நொடியில் தெரிகிறது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நடிகர் பெயரை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.