கைக்குழந்தையோடு சென்னையில் வாடகை வீடு தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரசவத்துக்காக மனைவி அம்மா வீட்டில் இருப்பார். மூன்றாவது மாதமோ ஐந்தாவது மாதமோ குழந்தையோடு திரும்பி வருவதற்குள் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கணவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு டூலெட் போர்டு தேடிக் கிளம்புவார். முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறவர் ஒருவர், வீட்டைப் பார்த்து முடிவு செய்கிறவர் இன்னொருவர்.

நானும் அப்படித்தான் செய்தேன். மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடி, லிஃப்ட் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறந்தால் ஜிலுஜிலுவென்று காற்று வந்தது, வாடகையும் நாங்கள் நினைத்ததைவிட ஆயிரம் ரூபாய் குறைவு, உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். குழந்தை வந்தது ஏப்ரலில். மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபேனைப் போட்டால் கூரையில் தேங்கிய சூட்டை எல்லாம் அது அப்படியே நம் தலையில் இறக்கியது. குழாயைத் திறந்தால் டேங்கில் காய்ந்த தண்ணீர் கையை வைக்க முடியாத சூட்டில் கொட்டியது. குழந்தைக்குக் கழுத்து முழுக்க வேர்க்குரு. ஏ.சி. வாங்கினோம், இ.பி. பில் ஏறியது, மிச்சம் பிடித்த ஆயிரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. சிசேரியன் ஆன மனைவி முப்பத்தாறு படி ஏறி இறங்க வேண்டும் என்பது என் கணக்கிலேயே இல்லை.

ஆகவே வீட்டை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறையும், இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறையும் பாருங்கள். பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கிற மெஷின் பகலில்தான் அலறும். பின்பக்கக் கால்வாயிலிருந்து வரும் கொசு இரவில்தான் தெரியும், ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்பதையும் அப்போதுதான் நீங்கள் யோசிப்பீர்கள். மனைவி வர முடியாவிட்டால் வீடியோ கால் போட்டு, அவர் சொல்கிற இடத்தில் எல்லாம் கேமராவைத் திருப்புங்கள். நீங்களாக எடுத்து அனுப்பும் வீடியோவில் உங்களுக்குப் பிடித்தது மட்டும்தான் இருக்கும். இரண்டாவது வீடு பார்க்கும்போது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம்ல அம்மா காலை நீட்டி உட்கார இடம் இருக்கா?" என்பதுதான். காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டுமே! நான் பார்த்திருந்த வீட்டில் கமோடுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வாளி வைக்கத்தான் இடம் இருந்தது. இரண்டாவது கேள்வி, தூளி கட்டக் கொக்கி உண்டா என்பது. பழைய வீடுகளில் ஹால் கூரையில் கொக்கி போட்டே கட்டியிருப்பார்கள். புது அபார்ட்மெண்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருப்பார்கள், துளை போட ஓனர் விடமாட்டார். ஸ்டாண்டு தூளி கடையில் கிடைக்கும், ஆனால் அதை விரித்தால் ஒரே ஒரு பெட்ரூமில் நடக்க வழி இருக்குமா என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மொட்டை மாடி சாவி யாரிடம் இருக்கிறது? சிரிக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது துணி நனைகிற வீட்டில், காலை பத்து மணி வரைதான் மாடி திறந்திருக்கும் என்று ஓனர் சொன்னால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஹால் முழுக்கக் கொடி கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த தவறு, போர்டில் எழுதியிருக்கும் வாடகையை மட்டும் பார்ப்பது. மெயிண்டனன்ஸ், தண்ணீர், கரண்ட், கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்ததுதான் வாடகை. தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும். தனி மீட்டர் இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வரும். ஒரே இணைப்பில் மூன்று போர்ஷனுக்கு சப்மீட்டர் வைத்துக்கொண்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஓனர் வாங்குகிற வீட்டில் முதல் யூனிட்டிலிருந்தே காசுதான். குழந்தை வந்த பிறகு வாஷிங் மெஷின், கீஸர், ராத்திரி முழுக்க ஏ.சி. என்று நாம் செலவழிக்கும் கரண்டே வேறு. வாடகையில் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதைவிட "இ.பி. தனி மீட்டரா, கார்டைப் பார்க்கலாமா?" என்று கேட்பது அதிகம் மிச்சம் தரும்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எல்லா ஓனரும் "தண்ணி பிரச்சினையே இல்ல சார்" என்றுதான் சொல்வார்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோதும் அப்படித்தான் சொல்லி வீடு விட்டார்கள். அவரிடம் கேட்காதீர்கள், குழாயைப் பாருங்கள். குழாய் முனையிலும் வாளியிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது போர் தண்ணீர், உப்பு. கீழ் வீட்டு அம்மாவிடம், போன மே மாதம் லாரி வாங்கினீர்களா, காசை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேளுங்கள். மோட்டார் எப்போது போடுவார்கள் என்பதும் முக்கியம். காலை அரை மணி, சாயந்திரம் அரை மணி என்றால் மத்தியானம் குழந்தை துணியை நனைத்தபோது பக்கெட்டில் பிடித்து வைத்ததுதான் கதி.

மழைக்கு வருவோம். படி ஏற முடியாது என்பதற்காகத் தரைத்தளம் எடுக்கிறவர்கள் ஏரியாவைப் பார்க்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அதே வேளச்சேரியில் ஒரு தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீர் அடுத்த தெருவில் கணுக்காலைக்கூடத் தொட்டிருக்காது. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு, "அண்ணே, மிக்ஜாம்ல இங்க எவ்வளவு ஏறுச்சு?" என்று கேளுங்கள். கையை எடுத்துத் தன் இடுப்பிலேயோ முழங்காலிலேயோ வைத்துக் காட்டுவார். காம்பவுண்டு சுவரில் புது பெயிண்டு கீழே மூன்றடிக்கு மட்டும் அடித்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வாடகை குறைவு என்று கூடுவாஞ்சேரி, ஆவடி தாண்டிப் போவது தவறு இல்லை. காலை ஏழரைக்கு ரயிலேறினால் இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் கணவரும், அதுவரை பிஞ்சுக் குழந்தையோடு தனியாக ஒரு தாயும் என்றால்தான் தவறு. பெரம்பூரில் பாட்டி இருந்தால் கொளத்தூரிலோ வியாசர்பாடியிலோ சின்ன வீடு போதும். தாய் குளித்து வரும்வரை குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தால் மாதம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று தடுப்பூசிக்கு வரிசையாக அலைய வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான், அது எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதாரணப் பேருந்து அந்தத் தெருப்பக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். வராத இடத்தில் ஒவ்வொரு ஊசிக்கும் ஆட்டோ.

ஓனரிடம் குழந்தையை மறைக்கவே மறைக்காதீர்கள். "ஹஸ்பண்ட் அண்ட் வொய்ஃப் மட்டும்தான்" என்று சொல்லிக் குடிபோய், அடுத்த மாதம் குழந்தை, மாமியார், அம்மா என்று நான்கைந்து பேர் ஆனால் முதல் சண்டை தண்ணீரில் வரும். ராத்திரி அழும், பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள், மூன்று மாதம் அம்மா தங்குவார் என்று முதலிலேயே சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஓனர் அன்றைக்கே தெரிந்துவிடுவார். "வெஜ் ஒன்லி" போர்டுக்கும் இதேதான். வீட்டில் அசைவம் சமைக்க மாட்டோம் என்று தலையாட்டிவிட்டு வந்தால், பால் ஊறுவதற்கென்று மாமியார் பால்சுறா வாங்கி வந்து புட்டு செய்கிற அன்றைக்கு மாடி முழுக்க வாசம் போய்ச் சேரும். தலையாட்டியது நாம்தானே.

இனி பணம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "ஒப்புக்கொள்ளாவிட்டால்" என்ற சந்துக்குள்தான் எல்லாரும் நுழைகிறார்கள். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது, தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் பத்து மாதம் ஐந்தாக இறங்கும். ஆஸ்பத்திரி பில் கட்டிய கையோடு கடன் வாங்கிப் பத்து மாதம் கொடுப்பது பெரிய தவறு, அந்தப் பணம் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் கையில் இருக்க வேண்டிய பணம். கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்களா என்பதையும் அக்ரிமெண்டில் எழுத வையுங்கள். எங்கள் மடிப்பாக்கம் ஓனர் வாயால் சொல்லாததை எல்லாம் காலி பண்ணும்போது பிடித்தார், நாங்களும் படித்துப் பார்க்காமல் பதினொரு மாத அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டிருந்தோம். அக்ரிமெண்டை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, இணையத்திலேயே செய்யலாம்.

லீஸ் என்று ஒன்று சொல்வார்கள். ஆறு லட்சம், எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை கிடையாது. ஒரே சம்பளத்தில் குழந்தை வளர்க்கிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். வீடு பேங்கில் அடமானத்தில் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் ஏலத்துக்குப் போனால் உங்கள் பணம் அம்போ. வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரத்தில் பெயர் இருக்கிறவரிடம் பேசாமல் வாடகை வசூலிக்க வந்த ஆளை மட்டும் நம்பி, லீஸ் பக்கம் போகவே போகாதீர்கள். புரோக்கர் சமாச்சாரம் சுருக்கமாக: வீடு காட்டவே முன்பணம் கேட்டால் கிளம்பிவிடுங்கள், கமிஷன் அரை மாதமா ஒரு மாதமா என்பதை முதல் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பேசுங்கள்.

கடைசியாக, தை மாதத்திலும் ஆவணியிலும் எல்லாரும் தேடுகிறபோதே நாமும் தேடுவது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், அதனால் ஜூலை கடைசியில் போர்டுகள் தொங்கிக்கொண்டே இருக்கும், ஓனருக்கும் காலியாகக் கிடக்கிறதே என்று மனசு அரிக்கும். பேரம் பேச அதுதான் நேரம். எங்கள் இரண்டாவது வீட்டை அப்படித்தான் பிடித்தோம். முதல் மாடி, மேலே இன்னொரு மாடி இருப்பதால் சூடு இறங்காது. வாடகையில் நூறு ரூபாய்கூடக் குறைக்க ஓனர் அம்மா மசியவில்லை. ஆனால் ஆவணியிலிருந்து வாடகை கொடுத்தால் போதும், பெயிண்டிங் சார்ஜ் வேண்டாம் என்றார். கொக்கியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டோம். உள்ளே போய் டார்ச் எடுத்து வந்து ஹால் கூரையில் அடித்துக் காட்டினார். அங்கே வெள்ளையடித்து மறைந்து ஏற்கெனவே ஒன்று இருந்தது, அவர் பேத்திக்குப் போட்டதாம்.