சி.பி. குழந்தைக்குப் பல் தேய்த்துவிடுவது எப்படி?

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்ஸி, சுருக்கமாக சி.பி.; மூளை பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுக்குள் இல்லாத நிலை) உள்ள குழந்தைக்குப் பல் தேய்க்க ஆரம்பிக்கும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிரஷ் வாங்கலாம்?" என்றுதான். அதை அப்புறம் பார்ப்போம். குழந்தையைச் சரியாக உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி; உடம்பு விறைத்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நல்ல பிரஷ்ஷாக இருந்தாலும் வாய்க்குள் போகாது.

படி 1: உட்கார வைப்பது

வாஷ்பேசின் முன்னால்தான் தேய்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சக்கர நாற்காலி, சோபா, உங்கள் மடி, எங்கே குழந்தையின் உடம்பு தளர்ந்திருக்கிறதோ அங்கே தேய்க்கலாம். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதன் மேலாவது ஊன்றியிருந்தால் உடம்பு பின்னால் வில்லாக வளைவது குறையும். நீங்கள் பின்னால் நின்று தலையை உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தலை நடுவில் நேராக, முகவாய் கொஞ்சம் கீழே இறங்கி இருக்கட்டும். தலையை ஒரு பக்கம் திருப்பினாலே அந்தப் பக்கத்துக் கை நீண்டு விறைத்துவிடும் குழந்தைகளும் உண்டு, அதனால்தான் நடுவில் என்கிறேன்.

வாய்க்குள் நன்றாகத் தெரிய வேண்டும் என்று குழந்தையை அண்ணாந்து பார்க்க மட்டும் வைக்காதீர்கள். எச்சிலும் நுரையும் நேரே தொண்டைக்குப் போய், விழுங்கத் தடுமாறுகிற குழந்தை என்றால் மூச்சுக்குழாயில் இறங்கி, நிமோனியா வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

தாடை ஆடிக்கொண்டே இருக்கிறதா? ஆள்காட்டி விரலைக் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவில் வையுங்கள், நடுவிரலை முகவாய்க்கு அடியில், கட்டைவிரலைக் கன்னத்தின் பக்கமாக. அழுத்த வேண்டாம், தாங்கிப் பிடித்தால் போதும்.

படி 2: தொட்டுப் பழக்குவது

இந்தக் குழந்தைகள் பலருக்கு வாயைச் சுற்றிக் கூச்சம் மிக அதிகம். நேராக பிரஷ்ஷை நீட்டினால் வாயை இறுக்க மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். கையில் ஆரம்பித்து தோள், கன்னம், உதடு என்று வந்து, கடைசியில் சுத்தமான ஈரத்துணி சுற்றிய விரலால் ஈறின் வெளிப்பக்கத்தைத் தடவுங்கள். இறகு மாதிரித் தொட்டால் கூச்சம் கூடும், கொஞ்சம் அழுத்தித் தொடுவதே நல்லது. இதற்கே சில வாரம் ஆகலாம், ஆகட்டும்.

படி 3: பிரஷ்ஷும் பேஸ்ட்டும்

சின்னத் தலை, மென்மையான நார். மூன்று பக்கமும் நார் உள்ள பிரஷ் கிடைத்தால் ஒரே இழுப்பில் பல்லின் உள், வெளி, மேல் பக்கங்கள் மூன்றும் தேய்ந்துவிடும், வாய் அதிக நேரம் திறந்திருக்காத குழந்தைக்கு இது பெரிய உதவி. ஃபுளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) உள்ள பேஸ்ட், 3 வயது வரை அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. துப்பத் தெரியாத குழந்தைக்கு எவ்வளவு என்று பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நுரை வராத பேஸ்ட்டும் இருக்கிறது.

படி 4: தேய்ப்பது

காலையும் இரவும். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரப்பதால் இரவு தேய்ப்பதை விட்டுவிடக் கூடாது. சாப்பிட்ட உடனே வேண்டாம், குமட்டி எடுத்துவிடும். ஈறும் பல்லும் சேருமிடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக, முன்பற்களில் ஆரம்பித்து மெல்லப் பின்னால் போங்கள். மூன்று நான்கு பல்லுக்கு ஒரு முறை நிறுத்தி, எச்சிலைத் துடைத்து, விழுங்க விடுங்கள்.

திடீரென்று பிரஷ்ஷைக் கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். அது பிடிவாதம் இல்லை, அனிச்சையாக நடப்பது; இழுக்க இழுக்கக் கடி இறுகும். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறு கையால் கன்னத்துத் தசையை மெதுவாக நீவிவிட்டுக் காத்திருந்தால் தானாக விடும். எந்த நேரத்திலும் உங்கள் விரலைப் பற்களுக்கு நடுவில் வைக்காதீர்கள்.

ஈறில் ரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். பெரும்பாலும் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கியிருப்பதால் வருவதுதான், ஒழுங்காகத் தேய்த்தால் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள். வலிப்புக்குப் பெனிட்டாயின் சாப்பிடும் குழந்தைக்கு ஈறு தடித்து வளரலாம், மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 5: முடித்த பிறகு

வாயைக் கொப்பளிக்க வைக்க வேண்டாம், மிச்ச நுரையைத் துணியால் துடைத்தால் போதும். கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் சாப்பாடு ஒதுங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இனிப்பு சிரப் கொடுத்தால் அதன் பிறகு கொஞ்சம் தண்ணீர், விழுங்க முடியாத குழந்தை என்றால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு.

குழாய் வழியாகச் சாப்பிடும் குழந்தைதானே, பல் எதற்குத் தேய்க்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குத்தான் பல்லில் காரை (கெட்டியாகிப்போன அழுக்கு) சீக்கிரம் படிகிறது.

முதல் பல் முளைத்ததும், 1 வயதுக்குள், பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை வேறு விதமாகச் சொல்லும்: திடீரென்று சாப்பிட மறுப்பது, கன்னத்தில் அடித்துக்கொள்வது, வழக்கத்தைவிட அதிகமாக எச்சில் ஒழுகுவது, இரவில் காரணம் தெரியாமல் அழுவது. இதில் எது தெரிந்தாலும் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.