அமெரிக்காவில் எந்த நகரம்? செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியை வைத்துப் பாருங்கள்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தவுடன் நாம் முதலில் பார்ப்பது சம்பளத் தொகையை. அதற்கடுத்து அந்த ஊரில் வாடகை எவ்வளவு, நம் கடை இருக்கிறதா, கோயில் எத்தனை மைல் என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறோம். இவையெல்லாம் விசாரிக்க வேண்டியவைதான். ஆனால் மூன்று நகரங்களில் மாறி மாறிக் குடித்தனம் நடத்திய பிறகு, என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கப்போகிறவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, யாரும் வண்டியில் கொண்டுபோய் விடாமல், எங்கே போய்வர முடியும்? அந்த ஒருவர் எச்-4 விசாவில் வரும் மனைவியாகவோ கணவராகவோ இருக்கலாம். ஆறு மாதம் பேரனைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவாகவும் இருக்கலாம். சனி, ஞாயிறு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கழியும்: கோயில், மளிகை, யாராவது வீட்டுப் பிறந்தநாள். நகரத்துக்கு நகரம் உள்ள வித்தியாசம் வார நாளில்தான் தெரியும்.

நான் வந்து இறங்கியது 2011 ஆகஸ்டில், டாலஸுக்கு வடக்கே உள்ள பிளேனோவில். அந்தக் கோடையில் டாலஸில் 71 நாட்கள் வெயில் சதம் அடித்தது. வந்த இரண்டாம் வாரம், கறிவேப்பிலை வாங்கிவரலாம் என்று வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தொலைவில் இருந்த நம் கடைக்கு நடந்து புறப்பட்டேன். குடியிருப்பின் வாசலைத் தாண்டி முந்நூறு அடி வரை நடைபாதை இருந்தது. பிறகு, வெட்டி எடுத்தாற்போல் நின்றுவிட்டது. அதற்கப்பால் வேலியோரப் புல், ஆறு வழிச் சாலை, தார் மணம். பாதி வழியில் ஒரு காரை ஓரங்கட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, வண்டி பழுதாகிவிட்டதா, யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று கவலையோடு கேட்டார். நடந்து போகிறேன் என்று நான் சொன்னது அவருக்குப் புரியவே இல்லை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தனியே கல்லூரிக்குப் போய்வந்தவள், ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காகச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியவளாகிவிட்டேன்.

இதைச் சொல்வது டாலஸைக் குறை கூறுவதற்காக அன்று. பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. ஃபிரிஸ்கோவின் அனுமன் கோயிலில் கூட்டம் நிரம்பி வழிகிறது. கலிபோர்னியாவில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே தோட்டத்தோடு தனி வீடு கிடைக்கும். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதைக் கேட்டு மகிழ்வதற்குள் வீடு வாங்கியவர்களிடம் சொத்து வரி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்; ஒரு கையில் விட்டதை மறு கையில் வாங்கிவிடுகிறார்கள். மின்சாரத்துக்கு இங்கே பல நிறுவனங்களிலிருந்து நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் மலிவாகக் காட்டும் திட்டத்தில் சேராமல், ஓராண்டுக்கு ஒரே விலை என்று எழுதித் தரும் திட்டத்தில் சேர்வது நல்லது. டாலஸ் வட்டாரத்தின் டார்ட் ரயில் பிளேனோ வரை வருகிறது, ஃபிரிஸ்கோவுக்கு வருவதில்லை. ஆகவே டெக்சஸுக்கு வருகிறவர்கள் சோஃபா வாங்குவதற்கு முன் வீட்டில் இருப்பவருக்கு ஓட்டுநர் உரிமம் எடுத்துவிட வேண்டும். புதிதாகக் குடியேறியவர் ஊர் உரிமத்தை வைத்து அங்கே 90 நாட்கள்தான் ஓட்டலாம். எச்-4 விசாவில் இருப்பவருக்கு வேலை அனுமதி இல்லாதவரை, அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி என்ற அடையாள எண் கிடைக்காது. ஆனால் அது இல்லாமலும் உரிமம் பெற வழி இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் நான்கு மாதங்களை வீணாக்கினேன்.

விசாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி வேலை விசா வைத்திருப்பவருக்கு, கிரீன் கார்டுக்காகப் போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால், 2015 முதல் எச்-4 விசாவில் உள்ள அவருடைய துணைவர் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றமாகி எல்-1 விசாவில் வருபவர்களின் எல்-2 துணைவர்களுக்கு 2021 நவம்பரிலிருந்து தனி அட்டை இல்லாமலேயே வேலை செய்யும் உரிமை உண்டு. இருவரில் ஒருவர் சில ஆண்டுகள் வீட்டில் இருக்க நேரும் என்று தெரிந்தால், நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே மாறிவிடும்.

நான் அடுத்துக் குடியேறிய நியூ ஜெர்சி அந்தக் கணக்கில் எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. நியூயார்க் நகரத்தையும் நியூ ஜெர்சியையும் தமிழர்கள் ஒரே ஊராகத்தான் நடத்துகிறார்கள்: வேலை மன்ஹாட்டனில், வீடு எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தை ஒட்டியே இந்தியக் கடைத்தெரு. அங்கிருந்து பாத் ரயில் ஏறினால் மன்ஹாட்டன் தொலைவில்லை. எடிசன், இசலின் பகுதியில் ஓக் ட்ரீ சாலை முழுவதும் நம் ஆட்கள்தான்; புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருபவர்கூட உண்டு. ஆனால் எடிசனில் எல்லா மூலைக்கும் நடந்து போக முடியாது. மெட்ரோபார்க் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு அமைந்தால்தான் எடிசனுக்கு அந்தப் பயன் உண்டு. இல்லையென்றால் அதுவும் குளிருள்ள டாலஸ்தான். வீடு வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், அமெரிக்காவிலேயே சொத்து வரி மிக அதிகமான மாநிலங்களில் நியூ ஜெர்சி ஒன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நியூயார்க் நகரத்துக்குள்ளேயே குடியிருப்பவர்களுக்கு வரி மூன்று அடுக்கு: நாட்டுக்கு, மாநிலத்துக்கு, நகரத்துக்கு. மாத வாடகையைப்போல் நாற்பது மடங்கு ஆண்டுச் சம்பளம் இருந்தால்தான் வீட்டுக்காரர்கள் பலர் சாவியைத் தருவார்கள். பழைய கட்டடங்களில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாண்ட்ரோமேட்டில் உட்கார வேண்டும். அப்படியும் அங்கே ஏன் இருக்கிறார்கள் என்றால், 1904இல் தொடங்கிய சப்வே 472 நிலையங்களோடு இரவு பகலாக ஓடுகிறது. தமிழகத்திலிருந்து வந்த என் அத்தை, ஆங்கிலம் அதிகம் தெரியாதவர், மூன்றாவது வாரமே ஏழாம் எண் ரயிலில் தனியே ஏறி, கடைசி நிலையமான ஃபிளஷிங்கில் இறங்கி, பௌன் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போய்வந்தார். 1977இல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. 2022இல் அந்தத் தெருவுக்குக் கணேஷ் கோயில் தெரு என்ற பெயரையும் நகரம் சேர்த்து வைத்தது. கீழ்த்தளத்து உணவுக்கூடத்தில் எவர்சில்வர் பாத்திரங்கள் உருளும் சத்தத்தையும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் ஓசையையும் கேட்டபோது மயிலாப்பூரில் இருப்பதாகவே தோன்றியது என்றார். நெய் ரவா தோசைக்கு வரிசையில் நின்ற சீனக் குடும்பத்துக்கு, மிளகாய்ப்பொடியை எப்படிக் குழைப்பது என்று சைகையால் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு செய்தி: ஸ்டேட்டன் தீவின் டாம்ப்கின்ஸ்வில் பகுதியில் இலங்கை உணவகங்கள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோகும் படகுக்குக் கட்டணம் இல்லை.

இப்போது சிகாகோ. ரயில், ஏரிக்கரை, அருங்காட்சியகம் எல்லாம் உள்ள பெருநகரம், வாடகையோ நியூயார்க்கைவிட வெகுவாகக் குறைவு. இந்த விலைக்கு இவ்வளவு நகரத்தைத் தரும் ஊர் அமெரிக்காவில் வேறில்லை என்பது என் கருத்து. மிச்சிகன் ஏரியை ஒட்டி 18 மைலுக்கு நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் பாதை இருக்கிறது. கோடை மாலைகளில் மில்லினியம் பூங்காவில் இசைக் கச்சேரிகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். நம்மவர்கள் அதிகம் இருப்பது நேப்பர்வில், அரோரா போன்ற மேற்குப் புறநகர்களில். பாலாஜி கோயில் அரோராவிலும் ராமர் கோயில் லெமான்ட்டிலும் இருப்பதால் இரண்டுக்கும் கார் வேண்டும். டெவன் அவென்யூ கடைத்தெருவுக்கு மட்டும் ரெட் லைன் ரயிலும் பேருந்துமாகப் போய்விடலாம்.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். 2019 ஜனவரி இறுதியில் அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 30 செல்சியஸுக்கும் இறங்கியது உண்மை. நானும் அதைப் பார்த்தேன், மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் சில. ஊரிலிருந்து ஸ்வெட்டர் மூட்டை கட்டி வராதீர்கள். இங்கே வந்து நல்ல கோட்டு ஒன்று, நீர் புகாத பூட்ஸ் ஒரு ஜோடி, உள்ளே அணியும் தெர்மல் இரண்டு வாங்கினால் போதும். வெப்பமூட்டும் செலவு வாடகையில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பனி பெய்தால் ஒரு வேடிக்கையும் காணலாம்: தெருவில் தான் பனி வாரி ஒதுக்கிய இடத்தில் வேறெவரும் காரை நிறுத்தக்கூடாது என்று பழைய நாற்காலியைப் போட்டுவைப்பார்கள். அந்த நாற்காலியை நகர்த்தும் எண்ணம் உங்களுக்கு வேண்டாம்.

ஹூஸ்டனுக்கு வருபவர்களுக்கு, டாலஸைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி பொருந்தும். கூடுதலாக அங்கே பியர்லேண்டில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீடு பார்க்கும்போது வெள்ள வரைபடத்தைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது, ஆறு அருகில் இல்லை என்று நம்பியிருந்த பல தெருக்களிலும் தண்ணீர் புகுந்தது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. மத்திய அரசுத் திட்டத்தின் வெள்ளக் காப்பீட்டைத் தனியே எடுத்தாலும், அது பெரும்பாலும் 30 நாட்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் சின்னம் தோன்றிய பிறகு அதை வாங்கிப் பயனில்லை.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைப் பற்றி ஊரிலேயே நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபிரீமான்ட், சன்னிவேல் பக்கம் தமிழ் கேட்காமல் ஒரு நாள் கழிவது கடினம். கச்சேரி, நாடகம், அரங்கேற்றம் என்று தேதி ஒழியாது. 1998இல் சிறு அளவில் தொடங்கிய தமிழ்ப் பள்ளி இயக்கம் இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறது. லிவர்மோரில் சிவா விஷ்ணு கோயிலும் கான்கார்டில் முருகன் கோயிலும் உண்டு. வாடகையை மட்டும் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள். வீடு வாங்கினாலும் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது: 1978இல் நிறைவேறிய சட்டத்தால் சொத்து வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பதால், முப்பது ஆண்டுகளாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதே அளவு வீட்டுக்கு உங்கள் வரியில் சிறு பங்கைத்தான் கட்டிக்கொண்டிருப்பார். பதினொரு மணிக் கேள்விக்கு இங்கே பதில் நடுத்தரம். கால்ட்ரெயின், பார்ட் நிலையங்களை ஒட்டி வீடு எடுத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

சியாட்டிலில் மழை அதிகம் என்பார்கள். ஆண்டு மழையளவில் அது சென்னையைவிடக் குறைவு. அங்கே ஆளை வாட்டுவது இருட்டு. டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், வந்த முதல் குளிர்காலத்தில் இது மனத்தை அழுத்தும். பெல்வியூ, ரெட்மண்ட் பகுதியில் 2024இல் இலகு ரயில் ஓடத் தொடங்கியபின், வண்டி இல்லாதவர்களுக்கு அந்த ஊர் எவ்வளவோ மேல். பாஸ்டனில் குத்தகைகள் பெரும்பாலும் செப்டம்பர் 1 அன்று தொடங்குவதால், அந்த வாரம் போய் இறங்கினால் மூட்டை தூக்கும் வண்டிகூடக் கிடைக்காது.

எந்த நகரமானாலும் முதல் மாதம் தற்காலிக இடத்தில் தங்கி, வீட்டில் இருக்கப்போகிறவரையும் அழைத்துக்கொண்டு, பார்த்துவைத்த குடியிருப்புக்கு ஒரு வார நாள் காலையில் போங்கள். அங்கிருந்து பொது நூலகத்துக்கு நடந்து பாருங்கள். பெரும்பாலான நூலகங்களில் குழந்தைகளுக்குக் கதை நேரமும், பலவற்றில் பெரியவர்களுக்கு ஆங்கில உரையாடல் வகுப்பும் கட்டணமின்றி நடக்கின்றன; டாலஸில் என் முதல் மூன்று தோழிகள் எனக்குக் கிடைத்தது அப்படியொரு வகுப்பில்தான். முகவரிச் சான்று இருந்தால் உறுப்பினர் அட்டையைப் பெரும்பாலும் அன்றே தந்துவிடுவார்கள். நடந்து பார்த்து மனத்துக்கு ஒத்துவந்தால், ஒப்பந்தத்தில் இரண்டு பத்திகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்: இடையில் காலி செய்தால் எவ்வளவு கட்ட வேண்டும், முடிவதற்கு எத்தனை நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும். எங்கள் முதல் வீட்டில் 60 நாள் என்று போட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நியூ ஜெர்சிக்குப் போன பிறகும் பிளேனோ வீட்டுக்கு இரண்டு மாத வாடகை கட்டினோம்.