கறுப்பின் மேல் வெள்ளையை ஊற்றிப் பாருங்கள்

அக்ரிலிக் நிறத்தைத் தூரிகை இல்லாமல் கேன்வாஸில் ஊற்றி ஓவியம் செய்யும்போது முதல் நாளே ஏழெட்டு நிறங்களை ஒரே டம்ளரில் சேர்க்கத்தான் கை போகும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மூன்று கேன்வாஸ் சேற்று நிறத்தில் காய்ந்தன. அப்புறம் கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்தேன். இந்த ஓவியம் எப்படி நடக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

8க்கு 8 அங்குலத்தில் இரண்டு கேன்வாஸ், டைட்டானியம் வெள்ளை, கார்பன் கறுப்பு, ஃபெவிகால், கையுறை போதும். ஃபெவிகால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து கரைசல் செய்யுங்கள். ஒரு பங்கு நிறத்துக்கு இரண்டு பங்கு கரைசல். வெறும் தண்ணீரால் இளக்க வேண்டாம், காய்ந்தபின் நிறம் பொடியாக உதிரும். குச்சியால் தூக்கி விட்டால் பாகு மாதிரி அறுபடாமல் இறங்க வேண்டும். விழுந்த தடம் இரண்டு நொடியில் மறைய வேண்டும். தோசை மாவுப் பதம் என்றால் நகராது. இரண்டு நிறமும் ஒரே பதத்தில் இருப்பது முக்கியம். மெதுவாகக் கிளறி, மூடி, அரை மணி நேரம் வைத்தால் காற்றுக் குமிழி அடங்கும்.

கேன்வாஸை நான்கு டம்ளர்களைக் கவிழ்த்து அவற்றின்மேல் வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஊற்றவே கூடாது. என் அறையின் தரை வடிகால் பக்கம் லேசாகச் சரியும். ஒருநாள் விடிந்து பார்த்தால் பாதி ஓவியம் அந்தப் பக்கமாக வழிந்திருந்தது. இப்போது ஒரு டம்ளருக்கு அடியில் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வைக்கிறேன்.

முதல் கேன்வாஸில் 40 மி.லி. கறுப்பை ஊற்றிச் சாய்த்துச் சாய்த்து ஓரம்வரை பரப்புங்கள். அதன் நடுவில் 40 மி.லி. வெள்ளை. இனி கை வைக்காமல் குனிந்து பாருங்கள். வெள்ளைக்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிகள் மேலே வரும், விரியும், ஒன்றையொன்று நெருக்கி வலைபோல ஆகும். டைட்டானியம் வெள்ளைத் தூள் தண்ணீரைப்போல நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி; கார்பனுக்கு இரண்டு மடங்குகூட இல்லை. கனமானது இறங்க, லேசானது அதைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் 1936இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். பின்னாளில் நிறத்தைச் சொட்டவிட்டு வரைந்து புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கும் இளைஞராக அங்கே இருந்தார். அதன் இயற்பியலை மெக்சிகோ ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள்.

இரண்டாவது கேன்வாஸில் மாற்றிச் செய்யுங்கள்: அடியில் வெள்ளை, மேலே கறுப்பு. என்னுடையது ஏறக்குறைய அசையாமலே கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, எந்த நிறம் வாங்கினாலும் அது கனமா லேசா என்றுதான் முதலில் யோசிக்கிறேன். சிலிக்கான் எண்ணெயும் இதுபோன்ற வலைக்கண்களைத் தரும், 50 மி.லி. நிறக் கலவைக்கு இரண்டு சொட்டு. ஆனால் வார்னிஷ் பூசுமுன் அதைச் சோப்பு நீரால் துடைத்தெடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அது வேண்டாம் என்பேன்.

காயும்வரை மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மேல்பகுதி முந்திக் காய்ந்தால் அடியில் ஈரம் நின்று வெடிப்பு விழும். அட்டைப்பெட்டியைச் சற்று இடைவெளி விட்டுக் கவிழ்த்தால் தூசியும் படாது. கோடையில் இரண்டு நாள், ஐப்பசி மழையில் எனக்கு ஐந்து நாள் ஆனது. டம்ளரில் மிஞ்சியதைத் தொட்டியில் கழுவாதீர்கள், குழாய் அடைக்கும். காயவிட்டால் தோல்போல உரிந்து வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கேன்வாஸின் பின்புறம் பென்சிலால் அளவை எழுதி வையுங்கள். என் முதல் கறுப்பு வெள்ளையின் முதுகில் இன்றும் இருக்கிறது: "வெள்ளை மேலே, 40 மி.லி., நவம்பர், மழை."